முட்டுக்காரரும் இருபத்தைந்து மில்லியும்

அலுவலகத்தில் அவருக்கு முட்டுக்காரர் என்று பெயர். யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியாது. ஒருநாளாவது முகத்தைச் சுளித்து, ஏன் அப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தால் அந்தப் பெயர் அன்றைக்கே செத்திருக்கும். அவர் சிரித்துத் தொலைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருஷமாகச் சுரங்கம் குடையும் இயந்திரங்களுக்கு முட்டுக் கொடுப்பதுதான் அவருடைய வேலை என்பதால் பெயரில் பொய்யும் கிடையாது.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. ரயில் ஓட பூமிக்கடியில் சுரங்கம் குடைகிற இயந்திரத்தை முதலில் ஒரு பெரிய குழிக்குள் துண்டு துண்டாக இறக்கிக் கோர்ப்பார்கள். அங்கிருந்து அது குழியின் சுவரைத் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் நுழைய வேண்டும். முன்னால் போக வேண்டுமானால் பின்னால் எதன்மீதாவது ஊன்றித் தள்ளியாக வேண்டும். இறுகிப்போன கதவைத் திறக்கிறவர் எதிர்ச்சுவரில் காலை ஊன்றுகிறாரே, அதே கதைதான். மண்ணுக்குள் போய்விட்டால் தான் கட்டிக்கொண்டே போகும் கான்கிரீட் வளையங்களின்மீது ஊன்றிக்கொள்ளும். முதல் நாள் அதன் முதுகுக்குப் பின்னால் வெறும் காற்றுதான் இருக்கிறது. அதனால் ஊன்றிக்கொள்ள ஓர் இரும்புச் சட்டமும், புறப்படுகிறவரை நகராமல் உட்கார்ந்திருக்க கிரேடில் என்கிற இரும்புப் படுக்கையும் வேண்டும். இவை இரண்டையும் கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பவர் நம் முட்டுக்காரர்.

இயந்திரம் நூறு மீட்டர் உள்ளே போனதும் கேஸ் கட்டரோடு ஆட்கள் வருவார்கள். நான்கு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்ட சட்டத்தை மூன்று நாளில் வெட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஆகவே, இதோ நான் கட்டியது என்று விரல் நீட்டிக் காட்ட அவருக்கு ஊருக்குள் ஒன்றும் கிடையாது. மகள் சின்ன வகுப்பில் படித்தபோது அப்பாவின் தொழிலைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ‘எங்கள் அப்பா கட்டுவதையெல்லாம் வெட்டிவிடுவார்கள்’ என்று எழுதிவிட்டு வந்தாள். வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று டீச்சர் கூப்பிட்டு விசாரித்ததாக மனைவி வந்து சொன்னாள்.

ஆனால் மனிதர் மகா கவனக்காரர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். அவருடைய வரைபடக் கட்டில் முதல் தாள் முழுக்கப் பொதுக் குறிப்புகள்தான் இருக்கும். போன வேலையின் தாளை எடுத்து இந்த வேலைக்குத் திருத்திக்கொள்வது வழக்கம்; உலகம் முழுக்க இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தக் குறிப்புகளில் கடைசி வரி பத்தொன்பது வருஷமாக மாறியதே இல்லை: ‘குறிப்புக்கும் வரைபடத்துக்கும் முரண்பாடு இருந்தால், வேலையைத் தொடங்கும் முன் வடிவமைப்பாளரிடம் எழுத்துமூலம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.’ அதை எழுதிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லுவார்.

அவருடைய தங்கையின் கணவர் சர்வேயர். மூன்றுகாலியில் கருவியை நிறுத்தி, எது எந்த மட்டத்தில் உட்கார வேண்டும் என்று குறித்துக் கொடுக்கிறவர். வருஷக்கணக்காகக் கருவிக்குள் பார்த்துப் பார்த்து அவருக்கு இடது கண் எப்போதும் பாதி மூடியே இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டிய படம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். சில வீடுகளில் இதனாலேயே அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் முட்டுக்காரர்தான் சிபாரிசு செய்து அவரை இந்த வேலையில் சேர்த்தார். கம்பெனியின் நேரடி ஆள் அல்ல, ஏஜென்சி வழியாக ஒப்பந்தத்தில் வந்தவர். ஆனாலும் வேலையிடத்தில் அவருக்குத் தனி மரியாதை இருந்தது. வரைபடத்தில் போட்டிருக்கும் எண்ணை அவர் அப்படியே நம்ப மாட்டார். சுரங்கம் போகும் பாதையின் கணக்கிலிருந்து தானே ஒருமுறை ஒரு நீள நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கருவியைத் தொடுவார்.

இனி அந்த இருபத்தைந்துக்கு வருவோம். இயந்திரத்துக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. கிரேடிலை விட்டு மண்ணுக்குள் நுழைந்ததும் மூக்கு சற்றுத் தாழும். தாழுகிறது தாழட்டும் என்று கிரேடிலையே கொஞ்சம் உயர்த்தி வைத்துவிடுவார்கள். எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு நம்பிக்கை. முட்டுக்காரருடையது இருபத்தைந்து மில்லிமீட்டர். அதை அவர் வரைபடத்தில் சேர்ப்பதில்லை. வரைபடத்தில் சரியான மட்டத்தைப் போட்டுவிட்டு, முதல் தாளில் ‘சர்வேயர் 25 மி.மீ. உயர்த்தி வைக்கவும்’ என்று ஒரு வரி எழுதுவார்.

இந்தக் குழிக்கு மட்டும் ஒரு சின்ன மாற்றம் வந்தது. கிரேடிலின் கால்களைப் பட்டறையிலேயே அளவாக வெட்டிவிடலாம், கடைசி உயரத்தைக் கொடுங்கள் என்று இரும்பு வேலைக்காரர்கள் கேட்டார்கள். நல்ல யோசனைதான். முட்டுக்காரர் நான்காம் தாளைத் திறந்து எல்லா மட்டத்திலும் இருபத்தைந்தைக் கூட்டிப் போட்டார். அடுத்ததாக முதல் தாளைத் திறந்து அந்த ஒரு வரியை எடுக்க வேண்டும். அதற்குள் மேனேஜர் எட்டிப் பார்த்து, மதியத்துக்குள் அனுப்பிவிட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார். அனுப்பியும் விட்டார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட்டார். முதல் தாளில் அந்த வரி இருந்த இடத்திலேயே இருந்தது.

இதோடு நின்றிருந்தாலும் தப்பித்திருக்கலாம். ஏனென்றால் சர்வேயர் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை குடும்பம் சாப்பிட வந்திருந்தது. சாப்பிட்டு முடித்து இருவரும் வாஷ்பேசின் பக்கம் நின்றார்கள். சர்வேயர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“மச்சான், புதுக் குழியில நாளைக்குக் கிரேடில் வைக்கறோம். இருபத்தஞ்சு ஏத்தித்தானே வைக்கணும்?”

“ஆமா மாப்ள. எப்பவும்போல இருபத்தஞ்சு.”

“அப்ப சரி.”

“ஏன், நோட்டுல கணக்குப் போட்டுப் பாக்கலியா?”

“உங்க டிராயிங்குக்குமா நான் கணக்குப் போடணும்? வேற வேலை இல்லையா எனக்கு?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சர்வேயரின் மனதில் இருந்தது, தாளில் உள்ள மட்டத்துக்கு மேல் இருபத்தைந்து. முட்டுக்காரரின் மனதில் இருந்தது, மொத்தமே இருபத்தைந்து. ஒரே எண்ணைச் சொல்லி ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். உள்ளே இருந்து மனைவி, ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமையும் வேலையைத்தான் பேசணுமா என்று சத்தம் போட்டாள்.

கால்களுக்கு அடியில் இரும்புத் தகடு கொடுத்து இன்னும் இருபத்தைந்து ஏற்றியதில், கிரேடில் ஐம்பது மில்லி உயரத்தில் உட்கார்ந்தது. இயந்திரம் அதன்மேல் உட்கார்ந்தது. இயந்திரத்துக்குள் இருக்கும் திரை, இருக்க வேண்டியதைவிட உயரத்தில் இருப்பதாகக் காட்டியது. உயர்த்தித்தானே வைத்திருக்கிறோம் என்றார் ஒருவர். முதல் சில மீட்டருக்கு அந்தத் திரை கிறுக்குத்தனமாகத்தான் எண் காட்டும், போகப் போகச் சரியாகும் என்றார் இன்னொருவர். மூக்கு தாழும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நுழைகிற இடத்தில் மண் சரியாமலிருக்க சிமெண்ட்டைச் செலுத்தி இறுக்கியிருந்தார்கள். அது பாறையாக இறுகியிருந்தது. மூக்கு இரண்டு மில்லிதான் தாழ்ந்தது.

இயந்திரம் புறப்பட்ட மூன்றாம் நாள் காலையில் சர்வேயரிடமிருந்து போன் வந்தது.

“மச்சான், ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்.”

முட்டுக்காரர் இரும்புப் படிகளில் குழிக்குள் இறங்கினார். கீழே ஈரமும் கிரீஸ் வாசனையும் இருந்தன. இயந்திரத்தின் தலை சுவருக்குள் போய்விட்டிருந்தது. அதன் பின்னால் வளையங்கள் வரிசையாக நின்றன, அவற்றுக்குப் பின்னால் அவர் வரைந்த சட்டம் ஒரு மயிரிழைகூட அசையாமல் ஊன்றிக்கொண்டு நின்றது. வேறு நாளாக இருந்தால் அதைப் பார்த்து உள்ளூரப் பூரித்திருப்பார்.

“தனியா வேற கருவி வெச்சும் பாத்துட்டோம். நாப்பத்தெட்டு மேல இருக்கு. அனுமதி முப்பதுதான்” என்றார் சர்வேயர். “எங்க தப்பாச்சுன்னு தெரியல மச்சான். நேத்துலேருந்து யோசிக்கிறேன்.”

முட்டுக்காரருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பத்தெட்டும் தாழ்ந்த இரண்டும் ஐம்பது, ஐம்பதில் பாதி இருபத்தைந்து. அங்கே ஒரு மேசைமேல் கிடந்த வரைபடக் கட்டைத் திருப்பி முதல் தாளைப் பார்த்தார். வரி இருந்தது.

பக்கத்தில் நின்ற ஆபரேட்டரிடம், “கொஞ்சம் பின்னால இழுக்க...” என்று ஆரம்பித்தார். ஆபரேட்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சார், உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும்தான். அந்த இயந்திரத்துக்குப் பின்னால் போகத் தெரியாது. குடைந்த மண் போய்விட்டது, கட்டிய வளையம் பின்னால் அடைத்துக்கொண்டு நிற்கிறது. முன்னால் போய்க்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிப் பாதைக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குள் முப்பது வளையமாவது தப்பான இடத்தில் நிற்கும். பத்தொன்பது வருஷமாக இதைத் தெரிந்துவைத்திருந்தவர் அன்றைக்குத்தான் அதற்கு என்ன அர்த்தம் என்று உணர்ந்தார்.

“என்ன மச்சான், ஏதாவது தெரியுதா?” என்றார் சர்வேயர்.

தப்பு என்னுடையது என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள், எல்லாரும் முட்டுக்காரர் என்று கூப்பிட்டாலும் மதிப்பு வைத்திருந்தவர்கள். “பாக்கலாம் மாப்ள. நாளைக்குப் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் படியேறினார். கோழைத்தனம்தான், வேறு பெயர் கொடுத்துப் பூசி மெழுக வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்து, காலையில் நேராக மேனேஜரிடம் ஒப்புக்கொள்வது என்று முடிவுசெய்தார். அவரைப் பொறுத்தவரை தாமதம் ஒரு நாள்தான்.

அந்த ஒரு நாளில் மேனேஜர் சர்வேயரைக் கூப்பிட்டு விசாரித்து முடித்திருந்தார்.

மேனேஜர் கெட்டவர் அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். மேசைமேல் டீ ஆறிக்கிடந்தது, கண் இரண்டும் சிவந்திருந்தன. முட்டுக்காரர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்: நான்காம் தாளில் கூட்டியது, முதல் தாளில் எடுக்க மறந்தது, வாஷ்பேசின் பக்கத்தில் தலையாட்டியது. மேனேஜர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“உக்காருங்க” என்றார் கடைசியில். “சரிபார்த்தவர்னு ரெண்டு தாள்லயும் யார் கையெழுத்து இருக்கு?”

“உங்களோடது சார்.”

“அப்ப இது உங்க தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல. கம்பெனி தப்பு. இன்னும் மூணு குழியில நம்ம சட்டம் நிக்குது. டிசைன்ல தப்புன்னு ஒரு வார்த்தை எழுதினா நாளைக்கே மூணையும் நிறுத்தச் சொல்வாங்க. நானூறு பேர் வேலை செய்யறாங்க அங்க.”

“அதுக்காக அவர் தலையில கட்ட முடியுமா சார்? அவர் என்கிட்ட கேட்டார்.”

“எழுதிக் கேட்டாரா?”

“வீட்ல கேட்டார்.”

மேனேஜர் ஒரு காகிதத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். சர்வேயரின் வாக்குமூலம். ‘உயரத்தைப் பற்றி வடிவமைப்பாளரிடம் கேட்டீர்களா?’ என்ற கேள்விக்கு நேராக, ‘கேட்கவில்லை. நானே எடுத்த முடிவு’ என்று அந்தக் கோணல் இல்லாத கையெழுத்தில் எழுதியிருந்தது. முட்டுக்காரர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

“பொய் எழுதியிருக்கார் சார். என்னை இழுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கார்.”

“இருக்கலாம். ஆனா கையெழுத்துப் போட்டது அவர். நீங்க சொல்றதுக்கு என்ன சாட்சி? அவர் உங்க தங்கச்சி வீட்டுக்காரர்னு எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு முட்டுக் கொடுக்கறீங்கன்னுதான் சொல்வாங்க. நான் சொல்லல, கேக்கறவங்க சொல்வாங்க.” பிறகு பேனாவை எடுத்து முதல் தாளின் கடைசி வரியைத் தொட்டார். “முரண்பாடு இருந்தா எழுத்துமூலம் கேக்கணும். இதை யார் எழுதினது?”

“நான்தான்.”

“அவர் கேக்கல. அவ்வளவுதான் ஃபைல்ல நிக்கும்.”

வெளியே வந்ததும் முட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. மேனேஜர்மீது அல்ல, அந்த வரியின்மீது. தன்னைக் காப்பாற்றச் சொல்லி இந்த முறை அவர் கேட்கவே இல்லை. அது பாட்டுக்குக் காப்பாற்றிவிட்டது.

அவர் சும்மா இருக்கவில்லை. தப்பு தன்னுடையது என்று கம்பெனி மேலிடத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார், வரைபடத்தின் பழைய பிரதியையும் புதிய பிரதியையும் இணைத்தார். தபால் பிரிவில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாள் கழித்து அது அவருடைய மேசைக்கே திரும்பி வந்தது. மூலையில் ‘பார்த்தேன்’ என்று மேனேஜரின் சுருக்கொப்பம் இருந்தது. வேலையைக் கொடுத்த ரயில்காரர்களின் பொறியாளரை நேரில் போய்ப் பார்த்தார். அவர் மரியாதையாக எழுந்து நின்று, எதுவாக இருந்தாலும் உங்கள் கம்பெனி வழியாக வரட்டும் என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார். மனைவியிடம் கேட்டார், அன்றைக்கு மாப்பிள்ளை கேட்டதை நீ கேட்டாயல்லவா என்று.

“நீங்க ரெண்டு பேரும் எப்பவும் நம்பர் நம்பராத்தான் பேசுவீங்க. அதுல எந்த நம்பர்னு நான் எங்க கவனிச்சேன்” என்றாள்.

சர்வேயருக்குப் போன் செய்தார். “ஏன் மாப்ள அப்படி எழுதினீங்க? போய் மாத்தி எழுதுங்க. நான் கூட வரேன்.”

“விடுங்க மச்சான். சர்வேயர்னா பாத்திருக்கணும். நோட்டுல ஒரு தடவை போட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். போடலியே.”

“நான் போட விடாம பண்ணேன்.”

“நீங்க எங்க விடாம பண்ணீங்க? நான்தான் சோம்பேறித்தனமா இருந்துட்டேன்” என்றார் சர்வேயர். குரலில் வருத்தம்கூட இல்லை, சமாதானப்படுத்துகிற தொனிதான் இருந்தது.

பத்து நாளில் ஏஜென்சி சர்வேயரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. இந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அடுத்த வேலையிடத்திலும் அதற்கடுத்த வேலையிடத்திலும், நாற்பத்தெட்டு மில்லி ஆளா என்று கேட்டார்கள். தானும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று முட்டுக்காரர் வீட்டில் சொல்லிப் பார்த்தார். நீங்களும் வந்து உட்கார்ந்தால் உங்கள் தங்கை வீட்டுக்கு யார் செய்வது என்று மனைவி கேட்டாள். காலையில் எழுந்து குளித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த குழிக்குச் சட்டம் வரைந்தார். முதல் தாளின் கடைசி வரிக்கு வந்ததும் அதை எடுத்துவிடலாமா என்று கை நின்றது. எடுத்தால் மேனேஜர் திரும்பப் போடச் சொல்லுவார். விட்டுவிட்டார்.

இயந்திரம் போய்க்கொண்டே இருந்தது. கெட்டிக்கார ஆபரேட்டர், வளையத்துக்கு வளையம் ஒன்றரை மில்லி இறக்கிப் பாதையில் சேர்த்துவிட்டார். தப்பான இடத்தில் நின்ற வளையங்களைப் பற்றி வெளியிலிருந்து வல்லுநர்கள் வந்து கணக்குப் போட்டார்கள். தண்டவாளத்துக்குக் கீழே போடும் கான்கிரீட்டின் தடிமனைச் சற்று மாற்றிக்கொண்டால் போதும், ரயிலுக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ரயில்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதாவது சுரங்கத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. மேனேஜர் முட்டுக்காரரின் மேசைக்கே வந்து தோளைத் தட்டினார்.

“எல்லாம் முடிஞ்சுது. இனிமே அதை நினைச்சு உடம்பைக் கெடுத்துக்காதீங்க.”

“ஒண்ணும் ஆகலைன்னு ஆயிடுச்சே சார். அப்ப சர்வேயரைத் திரும்பக் கூப்பிடலாமே.”

மேனேஜர் கையை எடுத்தார். “அது வேற ஃபைல்” என்றார்.

ஏழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் முட்டுக்காரர் தங்கை வீட்டுக்குப் போனார். இடையில் போகாமலில்லை. போனபோதெல்லாம் குழந்தைகளோடு பேசிவிட்டு, மாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்க்காமல் திரும்பிவிடுவார். இந்த முறை போன வேலையின் தாள்களையும் இந்தக் குழியின் தாள்களையும் சுருட்டி எடுத்துப் போயிருந்தார். ஊரில் யாரும் கேட்காவிட்டாலும் போகிறது, கேட்க வேண்டிய ஒருத்தராவது தாளைப் பார்த்து, ஆமாம் மச்சான், தப்பு உங்களுடையதுதான் என்று ஒரு வார்த்தை திட்டிவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு.

சர்வேயர் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டினார். வாசலில் வேன் நின்றது. மதியம் பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டு வந்தவர், வேனின் நான்கு கதவையும் இழுத்துப் பார்த்துப் பூட்டினார். இரண்டு அடி நடந்தார். திரும்பிப் போய் மறுபடி நான்கையும் இழுத்துப் பார்த்தார். பிறகு தன் மூத்த பையனைக் கூப்பிட்டு, நீ ஒரு தடவை பாரு என்றார். முட்டுக்காரர் இதைத் தெருவிலிருந்தே பார்த்தார்.

சாப்பாட்டு மேசைமேல் தாள்களை விரித்து, மூலைகளில் டம்ளர்களை வைத்தார். தங்கை டீ போட்டு எடுத்துவந்து நின்றாள்.

“இங்க பாருங்க மாப்ள. இது போன வேலை. மட்டம் சரியா இருக்கு, அதனால இருபத்தஞ்சு ஏத்துங்கன்னு குறிப்பு. இது நம்ம குழி. மட்டத்துலயே இருபத்தஞ்சைச் சேத்துட்டேன். குறிப்பை எடுக்கல. நீங்க நான் எழுதினதைத்தான் செஞ்சீங்க. ரெண்டு தடவை எழுதினது நான்.”

சர்வேயர் குனிந்தார். விரல் எண்களின்மேல் நகர்ந்தது. முன்பெல்லாம் தாளைப் பார்த்த மாத்திரத்தில் பேசுகிறவர், ஒவ்வோர் எண்ணாக உதடு அசைத்துப் படித்தார். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“இருக்கலாம் மச்சான். ஆனா எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்ல. கேட்டிருக்கணும்ல.”

“கேட்டீங்க. எங்க வீட்ல, வாஷ்பேசின் பக்கத்துல நின்னு கேட்டீங்க. நான் ஆமான்னேன்.”

“அன்னிக்கு உங்களை இழுத்துவிடக் கூடாதுன்னு கேக்கலைன்னு எழுதினேன்னு நினைக்கிறேன்” என்றார் சர்வேயர் மெதுவாக. “அப்புறம் மேனேஜர் கேட்டார், ஏஜென்சியில கேட்டாங்க, புதுசா வேலை தேடிப் போன இடத்துல எல்லாம் கேட்டாங்க. எல்லார்கிட்டயும் அதையேதான் சொன்னேன். இப்ப யோசிச்சுப் பாத்தா உங்க வீட்ல சாப்பிட்டது ஞாபகம் இருக்கு. துண்டு ஞாபகம் இருக்கு. கேட்டது ஞாபகம் இல்ல.”

“கேட்டீங்க மாப்ள. சத்தியமா கேட்டீங்க.”

“அண்ணா, போதும்” என்றாள் தங்கை. டீயை மேசைமேல் வைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. “நீ எவ்வளவு தவிக்கிறேன்னு எனக்குத் தெரியும். அவருக்காக யார் யாரையோ போய்ப் பாத்தது, லெட்டர் எழுதினது எல்லாம் அண்ணி சொன்னாங்க. கூடப் பொறந்தவங்க எல்லாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க. ஆனா ரெண்டு மாசமாத்தான் அவர் தூங்கறார். தப்பு நம்ம மேலதான்னு மனசைத் தேத்திக்கிட்டு இப்பதான் தூங்கறார். அதைப் போய்க் கிளறாத.”

“நான் அவருக்காகப் பேசல. நடந்ததைச் சொல்றேன்.”

“சரி, சரி. டீயைக் குடி.”

டீயைக் குடித்தார். சர்வேயர் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாத் தாளையும் விளிம்பு பிசகாமல் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு அவர் கையில் கொடுத்தார். வாசல்வரை கூடவே வந்தார். தங்கை உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வேன் பக்கத்தில் வந்ததும் சர்வேயர் நின்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மச்சான், அவ இல்லாதப்ப கேக்கறேன். நிஜமாவே நான் உங்ககிட்ட கேட்டேனா? என் மனசு ஆறட்டும்னு சொல்லலியே?”

“கேட்டீங்க மாப்ள.”

சர்வேயர் அவர் முகத்தையே பார்த்தார். நம்ப முடிந்தால் நம்பிவிடலாம் என்றுதான் பார்த்தார், அது முட்டுக்காரருக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு அவர் தோளில் கையை வைத்து, அழுகிற குழந்தையைத் தேற்றுகிற பதமான குரலில் சொன்னார்.

“நீங்க அப்படித்தான் சொல்வீங்க மச்சான்.”